கப்பலில் போன கடலை திரும்பி வந்தால் நஷ்டம் யாருக்கு?

காஞ்சிபுரம், உத்திரமேரூர், வாலாஜாபாத் வட்டாரங்களில் மார்கழிப் பட்டத்தில் விதைக்கும் இறவை நிலக்கடலை சித்திரை வாக்கில் களத்திற்கு வந்து விடுகிறது. வியாபாரி களத்திற்கே வந்து விலை பேசுவதும், சாக்குப் பிடித்து எடை போடுவதும், பாதிப் பணம் கையில், மீதி பின்னால் என்று முடிப்பதும் பல ஊர்களில் உள்ள வழக்கம். பின்னால் வர வேண்டிய அந்த மீதியில்தான் தகராறு பிறக்கிறது. "சரக்கு ஏற்றுமதிக்குப் போயிற்று. அந்த நாட்டு சர்க்கார் இறக்குமதியை நிறுத்தி விட்டது. இன்ஷூரன்ஸ் கம்பெனியும் பணம் தர மறுக்கிறது. நான் என்ன செய்வேன்?" என்று வியாபாரி கையை விரித்தால் விவசாயிக்குப் பதில் சொல்லத் தெரிவதில்லை. கப்பலையே பார்த்திராதவர் கப்பல் இன்ஷூரன்ஸ் பற்றி என்ன பேச முடியும்?

வியாபாரி சொல்வதில் ஒரு பாதி உண்மையாகவே இருக்கக் கூடும். இறக்குமதித் தடையினால் வரும் நஷ்டத்திற்கு சாதாரணக் கப்பல் சரக்கு இன்ஷூரன்ஸ் பணம் தருவதில்லை. ஆனால் அந்த நஷ்டத்தை விவசாயி தலையில் கட்டலாமா என்பது வேறு கேள்வி. இரண்டையும் தனித்தனியே பார்க்க வேண்டும்.

தடைகள் வந்த விதம்

2025 செப்டம்பரில் இந்தோனேசியா, அஃப்லாடாக்ஸின் என்ற பூசண நஞ்சு அளவுக்கு மேல் இருப்பதாகக் கூறி, இந்திய நிலக்கடலை இறக்குமதியை நிறுத்தி வைத்தது. நம் கடலையை அதிகம் வாங்கும் நாடுகளில் அதுவும் ஒன்று. அதற்கு முன்பு 2015-ல் வியட்நாம், சரக்கில் பூச்சிகள் இருப்பதாகச் சொல்லி இந்தியக் கடலையை நிறுத்தி, அடுத்த ஆண்டு தடையை விலக்கியது. 2017-ல் மறுபடியும் நிறுத்தியது. அந்த முறை கடலையோடு புளியும் சேர்ந்து மாட்டிக் கொண்டது.

தோட்டக்காரர்களும் தப்பவில்லை. 2014 மே முதல் தேதியிலிருந்து ஐரோப்பிய நாடுகளின் கூட்டமைப்பு இந்திய மாம்பழம், கத்தரி, பாகல், புடல், சேப்பங்கிழங்கு ஆகியவற்றைத் தடை செய்தது. 2013-ல் இந்தியாவிலிருந்து வந்த 207 சரக்குகளில் பழ ஈ முதலான பூச்சிகள் இருந்தன என்பது அவர்கள் சொன்ன காரணம். 2015 ஜனவரியில் மாம்பழத்திற்கு மட்டும் வழி விட்டார்கள். காய்கறிகள் மேலும் காத்திருந்தன. அதே 2014-ல் சவுதி அரேபியா பூச்சிமருந்து மிச்சம் அதிகம் என்று இந்தியப் பச்சை மிளகாயை நிறுத்தியது.

எல்லாத் தடையும் நியாயமானதென்று சொல்லி விடவும் முடியாது. 2022 மே மாதம் துருக்கி சுமார் 57,000 டன் இந்தியக் கோதுமையை வேண்டாமென்று திருப்பியது. அதில் ரூபெல்லா இருப்பதாகப் பேச்சு அடிபட்டது. ரூபெல்லா மனிதருக்கு வரும் நோய். கோதுமைப் பயிருக்கு வருவதில்லை! ஆனாலும் கப்பல் திரும்பத்தான் வேண்டியிருந்தது. துறைமுகத்தில் அதிகாரி சொல்வதே சட்டம்.

காஞ்சிபுரத்து நெசவாளர்களுக்கு இந்தக் கதை புதிதல்ல. 1700-ம் ஆண்டிலேயே இங்கிலாந்துப் பாராளுமன்றம், இந்தியாவிலிருந்து வரும் அச்சடித்த பருத்தித் துணியையும் கீழை நாட்டுப் பட்டையும் உள்நாட்டில் உபயோகிக்கக் கூடாதென்று சட்டம் செய்தது. வந்து இறங்கிய துணியைக் கிடங்கில் வைத்து வேறு நாட்டுக்குத்தான் அனுப்பலாம் என்றாயிற்று. துணி கிழியவில்லை, நனையவில்லை, சாயம் போகவில்லை. விற்கும் இடம் மட்டும் போய் விட்டது.

பாலிசி எதற்குப் பணம் தரும்?

கல்யாணத்திற்கென்று சொல்லி நெய்த பட்டுச் சேலை ஒன்றை நினைத்துக் கொள்ளுங்கள். தறியிலிருந்து இறக்கி அனுப்பும் வழியில் சேலை மழையில் நனைந்தாலும், லாரி கவிழ்ந்தாலும், தீப்பிடித்தாலும், களவு போனாலும் இன்ஷூரன்ஸ் உண்டு. கல்யாணமே நின்று போய், சேலை வேண்டாமென்று அவர்கள் திருப்பி அனுப்பினால்? சேலைக்கு ஒன்றும் ஆகவில்லை. அதற்கு எந்தக் கம்பெனியும் பணம் தராது. கப்பல் சரக்கு இன்ஷூரன்சும் இப்படியே. சரக்கின் உடம்புக்கு நேர்ந்ததற்குத்தான் பணம். சரக்கின் மார்க்கெட்டுக்கு நேர்ந்ததற்கு அல்ல.

ஏற்றுமதியாளர்கள் சாதாரணமாக வாங்கும் பாலிசியில் 'ஏ', 'பி', 'சி' என்று மூன்று வகை ஷரத்துகள் உண்டு. லண்டனில் எழுதப்பட்ட இவை 1982-ல் வந்து, 2009-ல் திருத்தப்பட்டவை. 'ஏ' வகைக்கு 'எல்லா அபாயங்களும்' என்று பெயர் சொல்வார்கள். பெயரைக் கேட்டு ஏமாறுகிறவர்கள் நம் விவசாயிகள் மட்டுமல்ல, புதிதாக ஏற்றுமதியில் இறங்கும் வியாபாரிகளும்தான். எல்லா அபாயமும் என்று சொல்லி விட்டுக் கீழே விலக்குகளை வரிசையாக எழுதியிருக்கிறார்கள். சரக்கின் சொந்தக் குணத்தால் வரும் கெடுதல், சரியில்லாத சிப்பம், தாமதத்தால் வரும் நஷ்டம், அரசு பிடித்து வைப்பதாலோ தடுப்பதாலோ வரும் நஷ்டம் ஆகியவை அந்த விலக்குகளில் சேர்ந்தவை. உறைந்த இறைச்சி போன்ற சரக்குகளுக்கான ஷரத்துகளில், இறக்குமதி நாட்டு அரசு நிராகரித்தால் பொறுப்பில்லை என்று பச்சையாகவே எழுதியிருக்கிறது.

தாமதம் என்ற விலக்கு காய்கறிக்கும் பழத்திற்கும் மிகவும் கொடியது. பரிசோதனைக்கென்று துறைமுகத்தில் பத்து நாள் நிறுத்தி வைத்து, அதற்குள் சரக்கு அழுகிப் போனாலும் பணம் கிடைப்பது கடினம். நம் நாட்டின் 1963-ம் ஆண்டு கடல் இன்ஷூரன்ஸ் சட்டத்தின் 55-வது பிரிவும் இதையே சொல்கிறது. தாமதம் உண்டானதற்கே இன்ஷூர் செய்த அபாயம் காரணமாக இருந்தாலும், தாமதத்தால் வந்த நஷ்டத்திற்குக் கம்பெனி பொறுப்பல்ல. பாலிசியில் வேறு விதமாக எழுதியிருந்தாலொழிய.

கோர்ட்டில் போன மாடுகள்

இந்த விலக்குகள் ஒரே நாளில் எழுதப்பட்டவை அல்ல. ஒவ்வொரு வழக்கிலும் தோற்ற பிறகு கம்பெனிகள் ஒரு வரியைச் சேர்த்துக் கொண்டே வந்தன. பழைய பாலிசிகளில் 'அரசர்கள், இளவரசர்கள், மக்கள் ஆகியோர் தடுத்து வைத்தல்' என்பதும் பணம் தரக்கூடிய அபாயங்களில் ஒன்றாக இருந்தது.

இங்கிலாந்தின் அப்பீல் கோர்ட்டில் 1903-ல் முடிந்த மில்லர் வழக்கில் சரக்கு கால்நடைகள். கப்பலில் அர்ஜென்டினா நாட்டின் புவனோஸ் அயர்ஸ் துறைமுகத்திற்குப் போன அவற்றை இறக்கக் கூடாதென்று அந்நாட்டு அரசு உத்தரவு போட்டு விட்டது. சொந்தக்காரர் நஷ்ட ஈடு கேட்டார். யாரும் துப்பாக்கி தூக்கவில்லை, கப்பலைப் பிடிக்கவில்லை என்றாலும், அரசின் உத்தரவே 'தடுத்தல்'தான் என்று கோர்ட் ஒப்புக் கொண்டது. அதுவரை அவருக்குச் சாதகம். ஆனால் அதே பாலிசியில், பிடித்தல், பறித்தல், தடுத்து வைத்தல் இவற்றிற்குப் பொறுப்பில்லை என்று வேறொரு வரியும் இருந்தது. அந்த வரியினால் வழக்குத் தோற்றது. ஒரு பக்கம் கொடுத்ததை மறு பக்கம் எடுத்துக் கொள்ளும் வரி.

1916-ல் பிரபுக்கள் சபை தீர்த்த சாண்டே வழக்கில் முடிவு மாறியது. அர்ஜென்டினாவிலிருந்து ஜெர்மனியின் ஹாம்பர்க் துறைமுகத்திற்குப் போன ஆளி விதையும் கோதுமையும் அதில் சரக்கு. வழியில் 1914 யுத்தம் மூண்டது. பிரிட்டிஷ் கப்பல்கள் எதிரி நாட்டிற்குப் போகக் கூடாதாகையால் இங்கிலாந்திற்குத் திருப்பப்பட்டன. தானியம் ஒரு மணி கூடக் கெடவில்லை. இருந்தும் போகவேண்டிய பயணமே போய் விட்டது என்பதால் நஷ்ட ஈடு தரவேண்டுமென்று தீர்ப்பாயிற்று. கம்பெனிகள் சும்மா இருக்குமா? பயணம் முறிந்ததற்காக மட்டும் பணம் கேட்க முடியாது என்று பின்னர் ஒரு ஷரத்து சேர்த்து விட்டன. தனியாகப் பணம் கட்டி வாங்கும் யுத்த இன்ஷூரன்சிலும் அந்த ஷரத்து இருக்கிறது.

சொந்த ஈரம் தந்த நஷ்டம்

விவசாயிக்கு மிகவும் தேவையான வழக்கு கல்கத்தாவிலிருந்து போனது. அதில் தடை ஏதும் இல்லை. ஆனால் தடைக்குக் காரணமாகும் ஈரம் இருந்தது. கல்கத்தாவிலிருந்து ஹாலந்தின் ராட்டர்டாம் துறைமுகத்திற்குத் தோல் கையுறைகள் கண்டெய்னரில் அனுப்பப்பட்டன. போய்த் திறந்தபோது கையுறைகளில் ஈரமும் பூசணமும். மேலிருந்து தண்ணீர் சொட்டிய அடையாளம் இருந்தது. வெளியிலிருந்து வந்த தண்ணீர் என்றால் இன்ஷூரன்ஸ் பணம் நிச்சயம். ஆராய்ந்து பார்த்ததில், கையுறைகள் கல்கத்தாவின் ஈரக் காற்றில் உறிஞ்சி வைத்திருந்த ஈரமே ஆவியாகி, குளிர்ந்த கண்டெய்னர் கூரையில் முத்து முத்தாய்ப் படிந்து, மறுபடி கையுறை மேலேயே சொட்டியிருக்கிறது! இது சரக்கின் சொந்தக் குணம்; கம்பெனி பொறுப்பல்ல என்று 1990-ல் இங்கிலாந்து அப்பீல் கோர்ட் தீர்ப்பளித்தது.

கையுறை இருந்த இடத்தில் கடலைப் பருப்பை வைத்துப் பாருங்கள். அரைகுறையாகக் காய்ந்த பருப்பைக் கண்டெய்னரில் அடைத்தால் நடப்பது இதுவே. ஈரத்தில் பூசணம், பூசணத்தில் அஃப்லாடாக்ஸின், அதைக் கண்டு துறைமுகத்தில் நிராகரிப்பு. கடல் தண்ணீர் புகுந்து கெட்டது என்று நிரூபித்தால் ஏற்றுமதியாளருக்குப் பணம் உண்டு. சரக்கே ஈரமாக வந்தது என்று சர்வேயர் எழுதி விட்டால் இல்லை. கம்பெனிக்கும் ஏற்றுமதியாளருக்கும் நடக்கும் தகராறுகளில் இந்தக் கேள்வியே பெரிது. ஏற்றும் முன் எடுத்த ஈரப்பத அளவும், பரிசோதனைச் சான்றும் கையில் உள்ளவர் பக்கம் வழக்கு பலப்படும்.

தடைக்கென்றே உள்ள காப்பு

அப்படியானால் தடைக்குக் காப்பே கிடையாதா என்றால், உண்டு. அது கப்பல் இன்ஷூரன்ஸ் கம்பெனியிடம் அல்ல. 1957-ல் மத்திய அரசு தொடங்கிய ஏற்றுமதிக் கடன் உத்தரவாதக் கார்ப்பொரேஷன் தரும் பாலிசிகளில், வாங்கும் நாட்டு அரசு புதிதாக இறக்குமதிக் கட்டுப்பாடு போடுவதும், கொடுத்திருந்த இறக்குமதி லைசென்சை ரத்து செய்வதும் அரசியல் அபாயங்கள் என்று சேர்க்கப்பட்டுள்ளன. கப்பல் வேறு துறைமுகத்திற்குத் திருப்பப்பட்டு அதிகக் கூலி கொடுக்க நேர்ந்து, அதை வாங்குபவரிடம் வசூலிக்க முடியாமல் போனால் அதற்கும் இடமுண்டு. நஷ்டம் முழுவதையும் இல்லாவிட்டாலும் பெரும் பகுதியைக் கார்ப்பொரேஷன் ஏற்கிறது. சிறு ஏற்றுமதியாளர்களுக்கென்று தனிப் பாலிசியும் வைத்திருக்கிறது.

இங்கும் சண்டைக்கு இடமிருக்கிறது. 'புதிதாக' என்ற சொல்லைக் கவனிக்க வேண்டும். கப்பல் கிளம்பிய பின் நாடு முழுவதற்குமாகத் தடை வந்தால் அது அரசியல் அபாயம். தடை ஏற்கெனவே இருக்கும்போது அனுப்பியிருந்தால் காப்பு இல்லை. நாடு திறந்திருக்கிறது, இந்த ஒரு சரக்கு மட்டும் பரிசோதனையில் தவறி விட்டது என்றால் அது தரத் தகராறு. அதற்கும் சரக்கின் சொந்தக் குணத்திற்கும் கார்ப்பொரேஷன் பொறுப்பேற்பதில்லை. வாங்குபவர் தம் நாட்டில் எடுக்க வேண்டிய அனுமதியை எடுக்கத் தவறினாலும் அப்படியே.

நிராகரிப்புக்கென்றே தனி இன்ஷூரன்சும் சில கம்பெனிகளிடம் கிடைக்கும். கட்டணம் அதிகம், நிபந்தனைகளும் அதிகம். சிறு வியாபாரி அதை எடுப்பது அபூர்வம். உழவர் உற்பத்தியாளர் நிறுவனங்கள் இப்போது தாமே ஏற்றுமதி செய்ய முன்வருகின்றன. அவற்றின் நிர்வாகிகள் கப்பல் பாலிசி ஒன்றை எடுத்து விட்டால் போதுமென்று இருந்து விடக் கூடாது. இரண்டும் வேண்டும், ஒன்றின் வேலையை மற்றொன்று செய்யாது.

விற்ற பிறகு யார் பொறுப்பு?

இனி விவசாயியின் மீதிப் பணம். 1930-ம் ஆண்டு சரக்கு விற்பனைச் சட்டத்தின் 26-வது பிரிவு, வேறு ஒப்பந்தம் இல்லாத பட்சத்தில், சரக்கின் உடைமை யாரிடம் போகிறதோ அவரிடமே அபாயமும் போகிறது என்கிறது. விலை பேசி, எடை போட்டு, கடலையை வியாபாரிக்கு விற்று லாரியில் ஏற்றி விட்டால் அது வியாபாரியின் கடலை. பிறகு இந்தோனேசியா தடுத்தாலும் வியட்நாம் தடுத்தாலும், நஷ்டம் வியாபாரியுடையது. அவருக்கு இன்ஷூரன்ஸ் பணம் வந்ததா, வரவில்லையா என்பதற்கும் விவசாயிக்குத் தரவேண்டிய பாக்கிக்கும் சம்பந்தமில்லை.

ஆனால் 'விற்றுத் தருகிறேன், போன விலையில் கமிஷன் கழித்துக் கொண்டு தருகிறேன்' என்று பேசியிருந்தால் கதை வேறு. அப்போது கடலை விற்று முடியும் வரை விவசாயியுடையதுதான். துறைமுகத்தில் கிடந்தாலும் விவசாயியுடைய கடலைதான் கிடக்கிறது. களத்தில் நிற்கும்போது இரண்டும் ஒன்று போலவே தோன்றும். ஒரே சாக்கு, ஒரே தராசு, ஒரே லாரி. ஆகவே கையில் வாங்கும் துண்டுச் சீட்டில் 'விற்பனை' என்ற சொல்லும், விலையும், எடையும், தேதியும், பாக்கித் தொகையும், அதைத் தரவேண்டிய நாளும் இருக்கிறதா என்று பார்த்து வாங்க வேண்டும். ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்தில் விற்பவர்களுக்கு இந்தச் சீட்டு தானே கிடைத்து விடுகிறது.

இன்னொரு கண்ணி உண்டு. சில சீட்டுகளில் 'ஏற்றுமதித் தரம் உள்ள சரக்கு என்று உறுதி கூறுகிறேன்' என்று அச்சடித்திருக்கும். அதில் கையெழுத்திட்டால், பிறகு தரம் இல்லையென்று சொல்லி விவசாயியிடமே நஷ்ட ஈடு கேட்க வழி பிறக்கும். ஐரோப்பிய நாடுகளில் நேரடியாகச் சாப்பிடும் கடலைக்கு மொத்த அஃப்லாடாக்ஸின் அளவு கிலோவுக்கு 4 மைக்ரோகிராம். அதாவது 100 கோடியில் 4 பங்கு. கண்ணால் பார்த்து, மோந்து பார்த்து இதை எந்த விவசாயி உறுதி கூற முடியும்? ஏற்றுமதியாளர் அங்கீகாரம் பெற்ற ஆய்வுக்கூடத்தில் சோதித்து, வேளாண் பொருள் ஏற்றுமதி வளர்ச்சி ஆணையமான அபேடாவின் சான்று வாங்கித்தான் கடலையை அனுப்ப வேண்டும். சோதிக்க வேண்டியவர் அவர். விவசாயி எழுதித் தர வேண்டியிருந்தால், 'நன்கு காயவைத்த, கல் மண் நீக்கிய கடலை' என்பதோடு நிறுத்திக் கொள்ளலாம்.

களத்தில் ஆகவேண்டியது

அப்படி எழுதித் தருவதை மெய்யாக்குவதும் விவசாயி கையில் இருக்கிறது. பிடுங்கிய செடியை ஈரத்தோடு பெரும் போராகக் குவித்தால் உள்ளே சூடேறிப் பூசணம் பிடிக்கும். காய் மேலே தெரியும்படி வரிசையாகப் பரப்பிக் காயவிடுவது நல்லது. காயின் ஈரம் 8 சதத்திற்குக் கீழே வரவேண்டும். காயை ஆட்டினால் உள்ளே பருப்பு கலகலவென்று ஓசை தருவது பழைய அடையாளம். விற்பனைக் கூடத்தில் ஈரப்பதமானி இருந்தால் அதில் அளந்து எழுதி வாங்கிக் கொள்ளலாம். கறையான் துளைத்த காய், வெட்டுப்பட்ட காய், பிஞ்சு, சுருங்கல் இவற்றைத் தனியே பொறுக்கி விட வேண்டும். நஞ்சு அதிகம் சேர்வது இவற்றில்தான். ஒரு கைப்பிடி கெட்ட பருப்பு ஒரு மூட்டையையே தவறச் செய்து விடும்.

உடைக்கும்போது பருப்பு பிளக்காமல் இருக்கட்டும் என்று காய்க்குத் தண்ணீர் தெளிக்கும் பழக்கம் பல இடங்களில் இருக்கிறது. எடையும் சற்றுக் கூடுவதால் வியாபாரிகளும் கண்டுகொள்வதில்லை. கல்கத்தாக் கையுறையின் கதியைக் கடலைக்குக் கொண்டு வருவது இந்தத் தண்ணீர்தான். தெளிப்பது வியாபாரியின் உடைப்பு மில்லில் என்றால், தவறு அங்கே நேர்ந்தது என்பதற்கு விவசாயியிடம் சாட்சி வேண்டும்.

அதற்கு ஒரு வழி செலவில்லாதது. எடை போடும் நாளில் மூட்டைகளிலிருந்து கலந்து எடுத்த அரைக் கிலோ காயை இரண்டு துணிப் பைகளில் கட்டி, தேதி எழுதிய சீட்டில் வியாபாரியின் கையெழுத்தும் விவசாயியின் கையெழுத்தும் வாங்கி உள்ளே வைத்து, வாயைத் தைத்து அரக்கு வைக்க வேண்டும். ஒன்று வியாபாரிக்கு, ஒன்று விவசாயிக்கு. ஈரமில்லாத இடத்தில், எலி எட்டாத உயரத்தில் தொங்க விட்டு, பாக்கிப் பணம் முழுவதும் கைக்கு வரும் வரை அதைப் பிரிக்காமல் வைத்திருக்க வேண்டும்.